விஞ்ஞான வினா விடை: விண்மீன் இறக்காமல் கருந்துளை பிறக்குமா?

வினா: விண்மீன் இறந்தால்தான் கருந்துளை உண்டாகும் என்று படித்தோம். ஆனால், அகிலம் தோன்றிச் சிறிது காலத்திலேயே மிகப் பெரிய கருந்துளைகள் இருந்தனவாம். அவ்வளவு வளர அவற்றுக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது?
– உயர்தர மாணவி, நல்லூர், யாழ்ப்பாணம்.

விடை: சிக்கல் முழுவதும் நீங்கள் கேட்ட அந்த நேரத்தில்தான் இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஒரு குவாசரின் (கருந்துளை வாயுவை விழுங்குவதால் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையத்தின்) நடுவிலுள்ள கருந்துளை, சூரியனைப்போல் ஏறத்தாழ 160 கோடி மடங்கு திணிவுடையது. அதன் ஒளி புறப்பட்டபோது பெருவெடிப்பு நிகழ்ந்து 67 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தன. கருந்துளையில் விழும் வாயு வெப்பமேறி ஒளிர்வதால், அந்தக் கதிர்ப்பின் அமுக்கமே பின்னால் வரும் வாயுவைத் தடுக்கும். ஆகவே, இடைவிடாது விழுங்கினாலும் அதன் திணிவு இரட்டிப்பதற்கு 3 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் வேண்டும். இறந்த விண்மீன் ஒன்று விட்டுச்சென்ற, 100 சூரியத் திணிவுள்ள கருந்துளை அந்த 160 கோடியை எட்ட 24 தடவை இரட்டிக்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள், 70 கோடி ஆண்டுகளைத் தாண்டிவிடும். முதல் விண்மீன்கள் பிறக்க எடுத்த காலம் வேறு. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்க அங்கே அவகாசம் இருக்கவில்லை.

எனவே, வளரத் தொடங்கிய கருந்துளையாகிய வித்தே பெரிதாக இருந்திருக்க வேண்டும். ஐதரசனும் ஈலியமும் மட்டுமே நிறைந்த தொடக்ககால வாயு முகில், ஐதரசன் மூலக்கூறுகளின் உதவியால் குளிர்ந்து, துண்டு துண்டாகி விண்மீன்களாகும். அயலில் ஏற்கெனவே ஒளிரும் விண்மீன்களின் கழியூதாக் கதிர்கள் அம்மூலக்கூறுகளைப் பிரித்துவிட்டாலோ, முகில் குளிர வழியின்றி, உடையாமல், ஒரே திரளாகச் சரிந்து, ஓர் இலட்சம் சூரியத் திணிவு வரையுள்ள கருந்துளையாகலாம். அதற்கு 14 இரட்டிப்புகளே போதும். 2023இல் சந்திரா, ஜேம்ஸ் வெப் ஆகிய விண்தொலைகாட்டிகளால் அறியப்பட்ட யூஎச்இசட்1 என்ற விண்மீன் மண்டலத்தில், கருந்துளையின் திணிவு விண்மீன்கள் அனைத்தினதும் திணிவுக்கு ஏறத்தாழ நிகராக மதிப்பிடப்பட்டுள்ளது. நமது அயல் மண்டலங்களில் அது ஆயிரத்தில் ஒரு பங்களவே. வித்தே பெரிதாக இருந்தால் இந்த நிகர்நிலை எளிதில் விளங்கும்; இதனாலேயே நான் இவ்விளக்கத்தின் பக்கம் சாய்கிறேன்.

விண்மீனும் முகிலும் இன்றியே கருந்துளை பிறக்கலாம் என்று 1960களில் சோவியத் பௌதிகவியலாளர்களான செல்தோவிச், நொவிகொவ் ஆகியோரும், 1971இல் ஸ்டீபன் ஹோக்கிங்கும் எழுதினர். முதற் செக்கனில் அகிலம் மிக அடர்ந்திருந்தும், எங்கும் சமமாக அடர்ந்து விரிந்துகொண்டிருந்தமையால் அது முழுவதும் கருந்துளையாகவில்லை. சுற்றுப்புறத்தைவிட அரைப்பங்கு அளவுக்கு அடர்த்தி மிகுந்த இடம் மட்டுமே விரிவை மீறிச் சரியும். பெருவெடிப்பின் எச்சமாக அகிலமெங்கும் பரவியுள்ள பின்னணிக் கதிர்ப்பில் காணும் ஏற்றத்தாழ்வோ இலட்சத்தில் ஒரு பங்கு. மிகச் சிறிய தூரங்களில் அது பன்மடங்காக இருந்ததென்று கொண்டாலன்றி இக்கருத்து நிற்காது. அவ்வாறு பிறந்த கருந்துளை ஒன்றேனும் இதுவரை உறுதியாகக் கண்டறியப்படவில்லை.