ஆறு மணிக்குப் பிறகு கொம்பியூட்டர் பட்டென்று நின்று போகிறது, ஏன்?

கேட்டது: ஹட்டன் பக்கம், லயத்து வீடு. பின்னேரம் ஆறு மணி தாண்டினால் கொம்பியூட்டர் பட்டென்று நின்று, தானே திரும்ப ஓன் ஆகிறது. விண்டோஸ் கோளாறு காட்டும் நீலத்திரை வருவதில்லை. கடையில் ரேம் (மெமரி) மாற்றச் சொல்கிறார்கள்.

ரேமுக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீங்க. ரேம் பழுதென்றால் காலையிலும் கூத்துக் காட்டும். நேரம் பார்த்து நிற்கிறதென்றால் முதல் சந்தேகம் கரண்ட் மேல்தான்.

விண்டோஸ் நடந்ததைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போய், கேர்னல்-பவர் 41 என்ற பதிவைத் தேடுங்க. டீடெய்ல்ஸில் பக்செக்கோட் (கோளாறு இலக்கம்) என்றொரு வரி இருக்கும். அது 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க நேரமே கிடைக்கவில்லை. அநேகமாகக் கரண்ட் அறுந்திருக்கும். 26 என்றால் மெமரி, 292 என்றால் ஏதோ ஹார்ட்வேர் கோளாறு. ரேம் பேச்சை அப்போது எடுக்கலாம்.

0 தான் வந்ததா? மல்டிமீட்டரை ஏசி 750இல் வைத்து, கொம்பியூட்டர் சொருகியிருக்கும் அதே எக்ஸ்டென்ஷனில் இரவு ஏழு மணிக்கு அளந்து பாருங்க. இலங்கையில் 230 வோல்ட். 216க்கும் 244க்கும் இடையில் நிற்க வேண்டும். அளக்கும்போதே கரண்ட் கேத்தலைப் போடச் சொல்லுங்க. 2000 வாட் கேத்தல் 9 அம்பியர் வரை இழுக்கும். முள்ளோ இலக்கமோ சடாரென்று இறங்கி, பிளக்கும் சுட்டால், வீட்டு வயரிங்கில் எங்கோ லூஸ். கேத்தல் போடாமலே 190 காட்டினால் வெளி லைனிலேயே இறக்கம், மின்சார அலுவலகத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.

வோல்டேஜ் குறைவுதானே என்று பவர் சப்ளையின் (கொம்பியூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) பின்னாலுள்ள சிவப்பு சுவிட்சை 115க்குத் தள்ளிவிடாதீங்க! உள்ளே கெப்பாசிட்டர் வெடிக்கும்.

ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கும் பகுதி) உள்ள யூபிஎஸ், அதாவது கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி, இறக்கத்தைத் தாங்கும். அது பேட்டரிக்கு மாற 10 மில்லிசெகண்ட் அளவு எடுக்கும். அந்த இடைவெளியை நல்ல பவர் சப்ளை 16 மில்லிசெகண்ட் வரை தாக்குப்பிடிக்கும், கெப்பாசிட்டர் களைத்த பழையது பிடிக்காது. யூபிஎஸ் போட்டும் நின்றால் பவர் சப்ளையிலிருந்து வரும் மஞ்சள், கறுப்பு வயர்களுக்கிடையே டிசியில் அளங்க. கேம் ஓடும்போது 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பவர் சப்ளையை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றக் கழற்றும்போது சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கையும் ஒரு பார்வை பாருங்க. விறகடுப்புப் புகை படிந்த பிசுபிசுப்புத் தூசி ஊதினால் போகாது, பிரஷ்ஷால்தான் எடுக்கணும்.