துண்டு கட்டினால் மரத்தூள் நிற்குமா?

கேள்வி: அப்பா தச்சர். வீட்டை ஒட்டியே பட்டறை. பல வருடமாகத் தேக்கில் கதவு, ஜன்னல் செய்தவர், இப்போது எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) கபோர்டு வேலையும் எடுக்கிறார். சில மாதங்களாக இரவில் வறட்டு இருமல், இளைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவலை. முகத்தில் துண்டு கட்டித்தான் வேலை செய்கிறார். போதாதா?

பதில்: போதாது. ஆனால் அதைவிட முக்கியம், ஞாயிறு தேவலை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. வேலை நாளில் ஏறி லீவில் இறங்கும் இளைப்பு, தொழிலால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். நுரையீரல் மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்வார். லீவு நாளில் அது சரியாக இருந்தால் நோயே இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

இழைப்புளியில் சுருண்டு விழும் சீவலால் பெரிய தொல்லை இல்லை. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டிங் மெஷினை நிறுத்திய பிறகும் காற்றிலேயே நிற்கிறதே மாவு போன்ற தூள், அதுதான் நுரையீரல்வரை போகும். துண்டின் நூலிடைகள் அதற்குத் திறந்த கதவு. என்95 மாஸ்க் வேண்டும், முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். மெஷினிலேயே வேக்குவம் குழாயை மாட்டிவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது. சாயங்காலம் கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதா? படிந்த தூளை மறுபடி மூக்குக்கு ஏற்றும் வேலை அது. ஈரத்துணியால் துடைக்கட்டும், சட்டையைப் பட்டறையிலேயே மாற்றட்டும்.

எம்.டி.எஃப். பலகையில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். அறுக்கும்போது கண்ணும் மூக்கும் எரிய அதுவும் காரணம். வாங்கும்போது ஈ1 அல்லது ஈ0 தரம் கேளுங்கள், ஃபார்மால்டிஹைடு வாயு குறைவாக வரும்.

அப்புறம் பாலிஷ். தூளுக்கான மாஸ்க், தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் தனி. ஹார்டனர் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் ஸ்ப்ரே அடிப்பவர் என்றால், மருத்துவரைப் பார்க்கும்வரை அதைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனமே ஆஸ்துமாவைக் கிளப்பும், மரத்தூள்மேல் மட்டும் பழி போட முடியாது. கையில் ஒட்டியதைத் தின்னரில் கழுவுவதும் வேண்டாம்; தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்பு போடலாம்.

மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மூக்கின் உட்பகுதியில் வருவது அது. அரிது, பல வருடம் கழித்துத்தான் தெரியும். பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்தே கிடந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, தச்சுவேலை செய்பவர் என்பதையும் சொல்லிவிடுங்கள்.