ட்ரெய்னி, கான்ட்ராக்ட், டெலிவரி... நிரந்தரம் இல்லாத வேலையில இருபதுகளை ஓட்டறவங்க கேட்டதும் நான் சொன்னதும்

கேள்வி அனுப்பின எல்லாருக்கும் நன்றி. தெரியாதவங்களுக்காக ஒரு வரி, நான் ஐடிஐ ஃபிட்டர், முடிச்சதும் ஆறு வருஷம் நாலு கம்பெனி, எல்லாமே ட்ரெய்னி இல்லைன்னா கான்ட்ராக்ட். இப்ப ஓசூர் பக்கம் மெயின்டனன்ஸ் பாக்கறேன், வருஷா வருஷம் ஆள் எடுக்கறப்போ இன்டர்வியூல நானும் உக்கார்றேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை சேத்துட்டேன்.

கேள்வி: அண்ணா, டிப்ளமோ மெக்கானிக்கல், வயசு 23. ஒரகடம் பக்கம் மூணு கம்பெனி, மூணுலயும் 11 மாசம் ட்ரெய்னி. போற இடத்துல எல்லாம் ஏன் இத்தனை கம்பெனி மாறினேன்னு கேக்கறாங்க, என்ன சொல்றது?

உண்மையை சொல்லு தம்பி, ட்ரெய்னி பீரியட் முடிஞ்சுது, அனுப்பிட்டாங்கன்னு. இந்தப் பக்கம் உக்கார்றவனுக்கு 11 மாசம்னா என்னன்னு நல்லாவே தெரியும். அவன் நிஜமா பாக்கறது நீ மூணு வருஷம் வேலை பாத்தியா, இல்ல ஒரே வருஷத்தை மூணு தடவை பாத்தியான்னுதான்.

போன வருஷம் ரெண்டு பசங்க வந்தாங்க, ரெண்டு பேருக்கும் மூணு வருஷம் அசெம்ப்ளி லைன். என்னப்பா பண்ணுவேன்னு கேட்டா ஒருத்தன் "லைன்ல இருந்தேன் சார்"ன்னு நிறுத்திட்டான். இன்னொருத்தன் சொன்னான், "சஸ்பென்ஷன் ஸ்டேஷன் சார், ஒரு நாள் டார்க், அதாவது போல்ட் எவ்வளவு இறுகியிருக்குங்கற அளவு, சரியா காட்டுச்சு, ஆனா போல்ட் தலைக்கும் வாஷருக்கும் நடுவுல நூல் அளவு கேப் தெரிஞ்சுது, போல்ட் குறுக்கா ஏறியிருக்கு, உடனே கயிறை இழுத்து லைனை நிறுத்திட்டேன்". டார்க் காட்டினா போதும்னு விடறவன்தான் அதிகம், இவன் குனிஞ்சு பாத்திருக்கான். பையிலருந்து ஒரு நோட்டு எடுத்தான், கிரீஸ் கறை படிஞ்ச நாப்பது பக்க நோட்டு, தேதி போட்டு என்ன பிரச்னை வந்துச்சு யார் எப்படி சரி பண்ணாங்கன்னு எழுதி வச்சிருக்கான். அவனைத்தான் எடுத்தோம்.

இன்னைக்கே ஒரு நோட்டு வாங்கு. வேலை பாத்த மூணு கம்பெனிக்கும் போய் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கேளு, தர மாட்டேன்னா பே ஸ்லிப், ஐடி கார்டு ஜெராக்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட்ல சம்பளம் ஏறின பக்கம், எது கிடைச்சாலும் ஒரு ஃபைல்ல போட்டு வை.

கேள்வி: கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்துடறேன், சின்ன தொகைதானே. தப்பா?

தப்புன்னு திட்ட மாட்டேன், வீட்டு வாடகைக்கு பணம் இல்லாதவன்கிட்ட சேமிப்பு பத்தி பேசறது எனக்கே பிடிக்காது. ஆனா அந்த தொகையோட என்னென்ன போகுதுன்னு தெரிஞ்சுட்டு எடுங்க. உங்க சம்பளத்துல 12 சதவீதம் பிடிக்கறாங்க, முதலாளியும் 12 போடணும், அவர் பங்குல 8.33 பென்ஷன் கணக்குக்கு போகுது. அந்த பென்ஷன் கிடைக்க மொத்தம் 10 வருஷம் சர்வீஸ் வேணும். அது ஒரே கம்பெனியில இருக்கணும்னு இல்ல, பத்து கான்ட்ராக்டர்கிட்ட ஒவ்வொரு வருஷமா பாத்திருந்தாலும் கணக்குதான், ஆனா நடுவுல பென்ஷன் பணத்தையும் சேத்து எடுத்துட்டா அதுவரைக்கும் ஓடின வருஷம் அழிஞ்சு திரும்ப பூஜ்யத்துலருந்து ஆரம்பம். நான் அப்படி மூணு வருஷத்தை ஒரு பைக் முன்பணத்துக்காக அழிச்சேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

யூஏஎன், அதாவது பிஎஃப்ல உங்களுக்குன்னு தர்ற அடையாள நம்பர், ஆயுசுக்கும் ஒன்னுதான் இருக்கணும். புது கான்ட்ராக்டர் புது நம்பர் போடறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, பழைய நம்பரை கொடுத்து பழைய கணக்கை டிரான்ஸ்பர் பண்ணுங்க. மாசம் ஒரு தடவை பிஎஃப் பாஸ்புக் பாருங்க. ஸ்லிப்ல பிடிச்சுட்டு கட்டாம விடற ஆளுங்க இருக்காங்க, மூணாவது மாசமே பிடிச்சா கேக்கலாம், மூணு வருஷம் கழிச்சு பாத்தா அந்த கான்ட்ராக்டர் போர்டையே கழட்டிட்டு போயிருப்பான்.

கேள்வி: அக்ரிமென்ட்ல 'அப்ரென்டிஸ்'னு போட்டிருக்கு. கம்பெனி ட்ரெய்னியும் இதுவும் ஒன்னுதானா?

ஒன்னு இல்ல. அப்ரென்டிஸ்னா 1961 சட்டப்படி அரசு போர்ட்டல்ல பதிவான ஒப்பந்தம் இருக்கணும், அந்த பதிவு இருக்கான்னு முதல்ல பாருங்க. இதுல பிஎஃப், ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவ காப்பீடு) கிடையாது, முடிச்சதும் வேலை தந்தே ஆகணும்னு கம்பெனிக்கு கட்டாயமும் இல்ல. ஆனா ஐடிஐ முடிச்சவங்க பரீட்சை எழுதி பாஸ் பண்ணா தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழ் கைக்கு வரும், அதுக்கு மதிப்பு இருக்கு, ரயில்வேயோட அடிமட்ட வேலையான லெவல் 1ல, ரயில்வேயிலயே அப்ரென்டிஸ் முடிச்சு இந்த சான்றிதழ் வச்சிருக்கறவங்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கறாங்க. பல பேர் ஸ்டைபண்ட் வாங்கிட்டு பரீட்சை எழுதாம வந்துடறாங்க, தயவுசெஞ்சு அதை பண்ணாதீங்க. டிப்ளமோ, டிகிரிக்காரங்க அப்ரென்டிஸ் பயிற்சிக்கு சென்னை தரமணியில தனி வாரியமே இருக்கு.

கேள்வி: 480 நாள் வேலை பாத்தா பெர்மனென்ட்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், 1981ல வந்த தமிழ்நாட்டு சட்டம், 24 மாசத்துல 480 நாள் தொடர்ந்து வேலை பாத்த தொழிலாளிக்கு நிரந்தர தகுதின்னு சொல்லுது. அதனாலதான் பல இடத்துல நாள் எண்ணி பிரேக் விடறாங்க. கான்ட்ராக்டர் வழியா போனவங்களுக்கு உன் முதலாளி யாருங்கறதுலயே வழக்கு நிக்கும். அட்டெண்டன்ஸ் ஆதாரத்தை சேத்து வச்சு யூனியன் ஆளையோ தொழிலாளர் வக்கீலையோ பாருங்க, தனியா மோதாதீங்க.

கேள்வி: அண்ணா, பத்தாவது முடிச்சதும் திண்டுக்கல் பக்கம் மில் ஹாஸ்டல்ல மூணு வருஷம் இருந்தேன். கடைசியில மொத்தமா கொடுத்த பணம் அக்கா கல்யாணத்துக்கு போயிடுச்சு. இப்ப வயசு 20. எனக்குன்னு எதுவும் இல்லாத மாதிரி இருக்கு.

தங்கச்சி, உன் கேள்வியை ரெண்டு மூணு தடவை படிச்சேன். நூல் அறுந்தா ஓடிப்போய் முடிச்சு போட்டு, பஞ்சு தூசிக்குள்ள ஷிப்ட் ஷிப்டா நின்ன கால் அது, எதுவும் இல்லைன்னு சொல்லாத. அரசு ஐடிஐல பொண்ணுங்களுக்கு வயசு உச்சவரம்பு கிடையாது, பத்தாவது போதும், மாசம் 750 ரூபா உதவித்தொகை, சைக்கிள், புத்தகம், சீருடை, பஸ் பாஸ் தர்றாங்க. அரசுப் பள்ளியில படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 கிடைக்குமான்னும் அங்கயே கேளு. தையல் மட்டும்தான்னு யாராவது சொன்னா கேக்காத, எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் எல்லாம் பொண்ணுங்க படிக்கறாங்க, எங்க ஷாப்லயே இருக்காங்க. வீட்டுல இன்னொரு மில்லுக்கு அனுப்பணும்னு பேச்சு வந்தா, அம்மாவை கூட்டிட்டு ஒரு நாள் ஐடிஐக்கு நேர்ல போ, கண்ணால பாத்தா மனசு மாறும்.

கேள்வி: பிஇ முடிச்சு ரெண்டு வருஷமா ஃபுட் டெலிவரி, வயசு 26. இதை ரெஸ்யூம்ல மறைக்கவா? இனிமே நல்ல வேலைக்கு போகவே முடியாதா?

மறைக்காதீங்க, வெத்து கேப்பை விட உழைச்சது மேல். ரெண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். கனடாவுல, வேலை இல்லாத நேரத்துல காலேஜ் முடிச்சவங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்திருக்காங்க. ஆரம்பத்துல அவங்க சம்பளம் நல்ல நேரத்துல முடிச்சவங்களை விட ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு, அஞ்சு வருஷத்துல அது பாதியாச்சு, பத்து வருஷத்துல மறைஞ்சே போச்சு. மேல வந்தவங்க பெரும்பாலும் ஒட்டிக்கிட்டு நிக்காம கொஞ்சம் நல்ல கம்பெனி, அதை விட நல்ல கம்பெனின்னு நகர்ந்தவங்க. ஜப்பான்ல வேற கதை, அங்க காலேஜ் முடிக்கற வருஷமே மொத்தமா ஆள் எடுத்துடுவாங்க, 1990கள்ல அந்த பஸ்ஸை விட்டவங்களை நாப்பது வயசு தாண்டியும் தற்காலிக வேலையிலயே விட்டுட்டாங்க, கடைசியில 2019ல அரசே மூணு வருஷத்துல 3 லட்சம் பேரை நிரந்தர வேலைக்கு கொண்டு வரணும்னு திட்டம் போட வேண்டி வந்துச்சு. நம்ம ஊர்ல கதவு அவ்வளவு இறுக்கமா இல்ல, 26, 28ல ஃப்ரெஷரா வந்தவங்களை நானே எடுத்திருக்கேன். ஆனா ஒவ்வொரு வருஷமும் படிச்சது மறந்துக்கிட்டே போகும், அதுதான் பயம்.

அதனால ராத்திரி ஷிப்ட் ஓட்டுங்க, பகல்ல ரெண்டு மணி நேரம் ஒரே ஒரு ஸ்கில், பிஎல்சியோ (ஃபேக்டரி மெஷினை தானா ஓட்ட வைக்கற கன்ட்ரோலர்) டிசைனோ, உங்க பிரான்ச்ச பொறுத்து எதுன்னு முடிவு பண்ணிக்கோங்க. முதல் வேலையில சம்பளம் இப்ப டெலிவரியில வர்றதை விட கம்மியாத்தான் வரும், அங்கதான் நிறைய பேர் திரும்பி வண்டியை எடுத்துடறாங்க. ஆறு மாச வாடகையை முன்னாடியே சேத்து வச்சுட்டு மாறுங்க. டெலிவரி மாதிரி ஆப் வழியா வேலை பாக்கறவங்களுக்கான கிக் தொழிலாளர் நல வாரியத்துலயும் பதிஞ்சு வைங்க, ரோட்ல ஏதாவது ஆனா வீட்டுக்காவது உதவும்.

எந்த பிரான்ச்னு நீங்க எழுதல. அதையும், கடைசியா காலேஜ்ல பண்ண ப்ராஜெக்ட் என்னன்னும் சொல்லுங்க, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு பாக்கலாம்.