நுரையீரல் அறுவைக்குப் பின் வறட்டு இருமல்: டென்ஸ் பேடு எங்கே ஒட்டுவது?

டென்ஸ் என்பது தோல் வழியே லேசான மின்னோட்டம் செலுத்தும் கருவி. அதன் பேடுகளை நெஞ்சில், தழும்பைச் சுற்றி ஒட்டாதீர்கள், கையில் ஒட்டுங்கள். ஐந்து வாரமாக அப்பாவுக்கு வறட்டு இருமல், நெஞ்சில் ஒட்டியும் பலனில்லை என்கிறீர்கள். அக்குபங்சரில் இருமலுக்குப் பயன்படுத்தும் முக்கியப் புள்ளிகள் சில கையில் உள்ளன.

முழங்கையை லேசாக மடக்கினால் மடிப்பில் ஒரு தசைநாண் தட்டுப்படும். அதன் கட்டைவிரல் பக்கப் பள்ளத்தில் ஒரு பேடு. மற்றது உள்பக்க மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரல் மேலே, நடுவில். ஒரே இணைப்பின் இரு பேடுகளும் ஒரே கையில் இருக்க வேண்டும். கைக்கு ஒன்றாக ஒட்டினால் மின்னோட்டம் நெஞ்சைக் கடந்து போகும். 2 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸும் மாறி மாறி வரும்படி வைத்து, 30 நிமிடம். சுருசுருவென்று இருந்தால் போதும், வலிக்கக் கூடாது.

ஆனால் முதலில் அவருடைய பி.பி. மாத்திரை அட்டையைப் பாருங்கள். எனலாபிரில், ராமிப்ரில் என்றிருந்தால் இருமலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் வேறு மாத்திரை மாற்றித் தரக் கேளுங்கள். இரவு களி சாப்பிட்டதும் படுத்து, அப்போது இருமல் கூடுகிறதா? வயிற்று அமிலம் மேலேறுவதாக இருக்கலாம், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பேஸ்மேக்கர் இருந்தால் கருவியைத் தொடவே வேண்டாம். கழுத்தின் முன்புறம் யாருக்குமே ஒட்டக் கூடாது. காய்ச்சல், சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், ஒருபக்கமாகப் படுத்தால் தண்ணீர்போல் சளி கொட்டுவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அறுவை செய்த மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.