தீங்கு செய்யாமல் வாழ்ந்தால் தர்மம் நிறைவேறிவிடுமா?

மனிதனுக்கு ஆன்மிகக் கடமை என்று தனியாக ஒன்று உண்டா, அல்லது யாருக்கும் தீங்கு நினைக்காமல் நல்லவனாக வாழ்ந்தாலே தர்மம் நிறைவேறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்தவரையில் இதற்கு மிகத் தெளிவான விடையை எழுத்திலும் செயலிலும் தந்தவர், வள்ளலார் என்று அழைக்கப்படும் வடலூர் இராமலிங்க அடிகள். ஆகவே அவர் வழியாகவே பதில் சொல்கிறேன்.

வள்ளலார் 1867 மே 23 அன்று, பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த நிலத்தில், பசித்தவர்களுக்கு உணவளிக்கும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சோதி வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை 1872 ஜனவரியில்தான் வழிபாட்டுக்கு வந்தது. பசித்தவர்களுக்காக அடுப்பை மூட்டி நான்கரை ஆண்டுகளுக்கும் மேலான பிறகே அவர் மக்களைச் சோதியின் முன் நிறுத்தினார். அந்த வரிசையிலேயே அவருடைய தர்மம் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

காரணத்தை ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடையில் அவரே விளக்குகிறார். பசி மிகும்போது கண் பஞ்சடைந்து குழிவதையும், காது கும்மென்று அடைபடுவதையும், நா உலர்ந்து வறள்வதையும் ஒரு மருத்துவரைப் போல ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆனால் அந்தப் பட்டியலின் தொடக்கத்தில் அவர் வைப்பது உடம்பை அல்ல. பசியால் உயிரின் அறிவு மயங்குகிறது, அது மயங்கவே அந்த அறிவுக்குள் விளங்க வேண்டிய கடவுள் விளக்கமும் மறைந்துபோகிறது என்கிறார். அப்படியானால் ஒருவருக்குச் சோறிடுவது வயிற்றோடு முடிகிற காரியமாக இருக்க முடியாது. அவருக்குள் மறைந்துபோன இறைவனை மறுபடியும் விளங்கச் செய்வதால், அதுவே வழிபாடாகிவிடுகிறது. ஜீவகாருண்யம், அதாவது உயிர்களிடத்தில் இரக்கம், இல்லாமல் செய்கிற தவமும் விரதமும் ஜெபமும் தியானமும் அருளைப் பெற்றுத் தரமாட்டா என்று அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் இதனால்தான்.

“அவரவர் வினைப்பயனை அவரவர் அனுபவிக்கிறார்கள், இடையில் புகுந்து தடுக்க நாம் யார்?” என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அதற்கு அவர் தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. கட்டளையை மீறிக் கொடுங்குற்றம் செய்து சிறையில் இருப்பவனுக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு உணவு கொடுக்கத்தானே செய்கிறான் என்கிறார். தண்டனை எதுவாக இருந்தாலும் பட்டினி போடுவது இறைவனுடைய ஆணை ஆகாது. வினைக்கொள்கையை நம்புகிறவர்கள் அதைக் காட்டிக் கைகட்டி நிற்க முடியாதபடி, அந்தக் கொள்கைக்குள்ளேயே நின்று அவர் கதவை அடைத்துவிட்டார்.

வந்தவர் எந்தத் தேசம், எந்தச் சமயம், என்ன சாதி, எப்படிப்பட்ட நடத்தை உடையவர் என்று விசாரிக்காமல் பசியை நீக்க வேண்டும் என்பதும் அவர் விதித்ததே. தருமச்சாலைப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். அருகில் ஒருவர் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பரிமாறியவர் அவர் முகத்தைக்கூட ஆராயாமல், இலை காலியாகிறதா என்று மட்டும் பார்த்து மறுசோறு வைத்துவிட்டு நகர்ந்தார். பெற்றுக்கொள்கிறவரைக் கூசவைக்காமல் கொடுப்பது எத்தனை அரிது என்பது, அன்னதானம் என்ற பெயரில் படம் பிடித்துக்கொண்டே பொட்டலம் நீட்டும் இந்நாளில் நன்றாகவே தெரிகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். உயிர்களுக்கு நேரும் துன்பங்களுள் கொலையால் வருவதையும் பசியால் வருவதையும் நீக்குவதே முதன்மையானது என்று வள்ளலார் பிரித்துக் காட்டுகிறார். தீங்கு செய்யாமல் வாழ்வது இவற்றில் முதலாவதை மட்டுமே தொடுகிறது. மற்றொன்றுக்கு எழுந்து போய்க் கைநீட்டிக் கொடுத்தாக வேண்டும். ஒதுங்கி இருந்து அதை நிறைவேற்ற இயலாது. நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது என்று நான் சொல்வது இந்த அளவில்தான்.

இதற்காகத் துறவு பூண வேண்டியதில்லை. குடும்பத்தில் இருப்பவர் தம் வீட்டாரின் பசியை நீக்குவதோடு, அயலார் பசித்து வந்தால் தம் தரத்துக்கு ஏற்றபடி, தம்மால் கூடிய மட்டும் செய்ய வேண்டும் என்றே அவர் எழுதுகிறார். வீட்டாரைப் பட்டினி போட்டு ஊருக்குச் சோறிடச் சொல்லவில்லை. மாதச் சம்பளத்தில் வாழ்கிறவருக்கும் எட்டும் தொலைவில்தான் அவர் இந்தக் கடமையை வைத்திருக்கிறார்.