கப்பலைப் பிணைப்பதைக் குறிக்கும் ஸ்பானியச் சொற்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் 'மூர்' என்று எழுதலாமா?

ஸ்பானியக் கப்பல் ஆவணங்களில் வரும் அமர்ரார், அத்ரகார், ஃபொந்தேயார் ஆகிய மூன்று வினைகளையும் ஆங்கிலத்தில் 'மூர்' என்ற ஒரே சொல்லால் எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதக்கூடாது. கொழும்புக் கோட்டைப் பகுதியிலுள்ள கப்பல் முகவர்களுக்காக இத்தகைய தாள்களை மொழிபெயர்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அகராதியைத் திறப்பதற்கு முன், கப்பல் எதனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். கடலடி நிலத்தோடா, மிதவையோடா, இறங்குதுறையோடா, பக்கத்தில் நிற்கும் இன்னொரு கப்பலோடா என்பது தெரிந்துவிட்டால் பொருத்தமான ஆங்கிலச் சொல் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

ஃபொந்தேயார் என்பதற்குள் 'ஃபொந்தோ', அதாவது அடிநிலம், இருக்கிறது. நங்கூரம் பாய்ச்சி நிற்பதையே அது குறிப்பதால் ஆங்கிலத்தில் 'ஆங்கர்' என்றே எழுத வேண்டும். இதில் காட்டும் கவனம் மொழி நயத்துக்கானதன்று, பணத்துக்கானது. 'ஸ்டேட்மன்ட் ஒவ் ஃபக்ட்ஸ்' என்று நாங்கள் அழைக்கும் நேரப் பதிவுத் தாளில் முதலில் 'ஃபொந்தேயாதோ' என்று ஒரு நேரமும், பிறகு வழிகாட்டி மாலுமி ஏறிய நேரமும், 'ப்ரிமேர் காபோ அ தியெர்ரா' என்று முதல் வடம் கரையைத் தொட்ட நேரமும், இறுதியில் 'அத்ரகாதோ' என்று, கப்பல் துறையில் முழுவதுமாகக் கட்டி முடிந்த நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். இவை ஆங்கிலத்தில் முறையே 'ஆங்கர்ட்', 'பைலட் ஒன் போர்ட்', 'ஃபர்ஸ்ட் லைன் அஷோர்', 'ஆல் ஃபாஸ்ட்' என்று வர வேண்டும். நெரிசலான துறைமுகத்தில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே சில நாட்கள்கூடக் கழிந்துவிடலாம் என்பதால், இரண்டுக்கும் 'மூர்ட்' என்று எழுதினால் சரக்கு இறக்கும் கால அவகாசம் எப்போது ஓடத் தொடங்கியது, தாமதக் கட்டணம் யார் தலையில் விழுகிறது என்ற கணக்கு முழுவதும் குழம்பிப்போகும்.

அத்ரகார் என்பது இறங்குதுறையின் பக்கமாகக் கப்பலைக் கொண்டுவந்து சேர்ப்பது. ஆங்கிலத்தில் 'பெர்த்' அல்லது 'கம் அலாங்சைட்' என்று எழுதலாம். (ஊர்ப் பேச்சில் இதே சொல்லுக்கு ஆயுதத்தைக் காட்டிக் கொள்ளையடித்தல் என்றும் பொருள் உண்டு, துறைமுகக் கட்டணப் பட்டியலைப் பார்க்கும் கப்பல் உரிமையாளர்கள் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள்.) மிதவையில் கட்டப்பட்ட கப்பலை 'அத்ரகாதோ' என்று சொல்ல மாட்டார்கள். நமது துறைமுகத்தையே எடுத்துக்கொண்டால், 1954இல் எலிசபெத் மகாராணியின் பெயரிலான இறங்குதுறை திறக்கப்படுவதற்கு முந்திய காலத்தில் பெரும்பாலான கப்பல்கள் நடுத்துறைமுகத்தில் மிதவைகளோடு பிணைக்கப்பட்டு நிற்க, படகுகளே சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தன. அவற்றை ஆங்கிலத்தில் 'மூர்ட்' என்பது மிகச் சரி, 'அலாங்சைட்' என்பது தவறு. ஒரு கப்பலோடு இன்னொரு கப்பலை அணைத்துக் கட்டுவதற்கு ஸ்பானிய மொழியில் அபர்லோயார் என்று தனிச் சொல்லே இருக்கிறது. சிறு பாய்ப்படகுகள் என்றால் 'ராஃப்ட் அப்', சரக்குக் கப்பல்கள் என்றால் 'டபிள் பாங்க்'.

எஞ்சியிருப்பது அமர்ரார், அதாவது வடத்தால் பிணைப்பது. மூன்றிலும் பரந்த பொருளுடையது இதுவே. 'மூர்' என்பதற்கு உரிய இடமும் இதுதான். ஆனால் இலத்தீன் அமெரிக்காவில் சப்பாத்து நாடாவைக் கட்டுவதற்கும் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால், கடிதம் எழுதியவர் ஸ்பெயினைச் சேர்ந்தவரா, பெருவைச் சேர்ந்தவரா என்று பார்த்துவிட்டே 'மூர்' என்றோ, வெறுமனே 'டை' என்றோ முடிவு செய்ய வேண்டும். தமிழில் நமக்கு வேறொரு சங்கடம்: 'கப்பல் கட்டுதல்' என்றால் கப்பலை உருவாக்குவது என்றே வாசகர் எண்ணுவார், அதனால்தான் இப்பதில் முழுவதும் 'பிணைத்தல்' என்று எழுதுகிறேன்.

அமர்ராரிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்களில் அமர்ரா என்பது வடம், அமர்ரே என்பது பிணைக்கும் செயல். அதே அமர்ரே உல்லாசப் படகுத்துறை விளம்பரத்தில் வந்தால் படகு நிறுத்தும் இடத்தைக் குறிக்கும். அங்கே 'பெர்த்' என்றே எழுத வேண்டும். மந்திரவாதியின் விளம்பரத்தில் வந்தால் அது வசிய மருந்து போன்ற காதல் கட்டு, ஆனால் அந்த ஆவணம் உங்கள் மேசைக்கு வராது என்று நம்புகிறேன்.

வடங்களின் பெயர்களில் சொல்லுக்குச் சொல் போடுவது உதவாது. 'லார்கோ' என்றால் நீளமானது. ஆனால் 'லார்கோ தெ ப்ரோவா' என்பது ஆங்கிலத்தில் 'ஹெட் லைன்', முன்னணியத்திலிருந்து முன்னோக்கிச் செல்லும் வடம். கப்பலுக்குக் குறுக்காகக் கரைக்குப் போகும் 'த்ரவேஸ்' என்பது 'பிரெஸ்ட் லைன்'. எஸ்ப்ரின் என்பது ஆங்கில 'ஸ்பிரிங்'தான், கப்பல் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் வடம். வடத்தை மாட்டிக் கட்டும் முளைகளில், கரையில் நிற்கும் நொராய் 'பொல்லார்ட்', கப்பல் தளத்திலுள்ள பீத்தா 'பிட்ஸ்', படகிலுள்ள கொர்னமூசா 'கிளீட்'. கொர்னமூசா என்பதற்கு அகராதியில் பைக்குழல் வாத்தியம் என்றும் பொருள் கிடைக்கும். முவேர்தோ என்றால் பிணம், ஆனால் படகுத்துறை விதிகளில் அது மிதவையைப் பிடித்திருக்கும் கடலடிக் கொங்கிரீட் பாரம். 'மூரிங் பிளொக்' என்று எழுதுங்கள்.

கட்டளைச் சொற்களுக்குச் சொந்தமாக யோசிக்க வேண்டியதே இல்லை. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட நியமத் தொடர்பாடல் சொற்றொடர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், வடத்தை இறுகக் கட்டும் அஸேர் ஃபிர்மே என்பதற்கு 'மேக் ஃபாஸ்ட்', அவிழ்த்துவிடும் லார்கார் என்பதற்கு 'லெட் கோ', தளர்த்தும் லாஸ்கார் என்பதற்கு 'ஸ்லாக் அவே' என்று நேரடியாக எழுதிவிடலாம். கொப்ரார் என்ற வினை மட்டும் தாளுக்குத் தாள் மாறும்: தளத்தில் நிற்கும் மாலுமிக்கு அது வடத்தை இழுத்து உள்ளே எடுப்பது, 'ஹீவ்'; முகவரின் கணக்குத் தாளில் அது பணம் அறவிடுவது, 'சார்ஜ்'.