தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத ரொட்டி

"அரபு உலகில் வெளியே பேசக்கூடாத விஷயங்களை நாவலாக எழுதியவர்களில் யாரை முதலில் படிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எகிப்திய எழுத்தாளர் நவால் எல் சாதவியைப் பலரும் சொல்வார்கள். அவரையும் கட்டாயம் படியுங்கள். ஆனால் என் பதில் மொராக்கோவின் முகம்மது ஷுக்ரி. பிறப்பால் அவர் அரபு அல்ல. ரீஃப் மலைப்பகுதியில் வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர் இனக் குடும்பம் ஒன்றில் 1935இல் பிறந்தார். பஞ்சம் துரத்த, குடும்பம் டான்ஜியர் நகரத்துக்கு வந்தது. பேச்சு அரபியைத் தெருவில் கற்றார். எழுதப் படிக்கக் கற்றது இருபது வயதில். பிறகு அரபியிலேயே எழுத்தாளரானார்.

இருபது வயது வரையிலான தன் வாழ்க்கையைத்தான் 'அல் குப்ஸ் அல் ஹாஃபி' என்ற நாவலாக எழுதினார். ஹாஃபி என்றால் செருப்பில்லாதவன். ரொட்டியை அப்படிச் சொன்னால் தொட்டுக்கொள்ள எதுவுமில்லாத ரொட்டி. ஆணம் (குழம்பு) வைக்க வழியில்லாத நாட்களில் என் உம்மா, "இன்னைக்கு வெறுஞ்சோறுதான் வாப்பா" என்று சொல்லித் தட்டை நகர்த்துவார். அந்தத் தலைப்பின் பொருள் தெரிந்ததும் எனக்கு அந்தத் தட்டுதான் நினைவுக்கு வந்தது.

அரபியில் எழுதிய புத்தகம் அரபியில்தான் கடைசியாக வந்தது. 1973இல் பால் போல்ஸ் ஆங்கிலத்திலும், 1980இல் தாஹர் பென் ஜெலூன் பிரெஞ்சிலும் கொண்டுவந்தார்கள். 1982இல் ஷுக்ரி தன் சொந்தப் பணத்தில் அரபியில் அச்சிட்டார். அடுத்த வருடமே மொராக்கோவில் தடை. 2000ஆம் ஆண்டில்தான் அது நீங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சாமியா மெஹ்ரெஸ் இதைப் பாடமாக வைத்தபோது பெற்றோர்கள் புகார் செய்தார்கள்.

ஆபாசம் என்பதுதான் எல்லா இடத்திலும் சொன்ன காரணம். விபச்சார விடுதிகள், கஞ்சா, குடி, காசுக்காக ஒரு ஸ்பானியக் கிழவனின் காரில் ஏறும் பையன், எல்லாம் உள்ளே இருப்பது உண்மை. எதையும் மூடாமல் எழுதுகிறார். கிளுகிளுப்புக்காக ஒரு வரிகூட இல்லை.

ஆனால் என்னை உலுக்கியது அந்தப் பக்கங்கள் அல்ல. அப்பாவைப் பற்றிய பக்கங்கள்.

அந்த அப்பா ஸ்பானியப் படையிலிருந்து ஓடிவந்தவர். வேலை கிடையாது. அம்மா காய்கறி விற்றுக் கொண்டுவரும் காசு அவர் கைக்குப் போகும். நோயிலும் பசியிலும் அழுதுகொண்டிருந்த தம்பி அப்துல் காதரை ஒருநாள் ஆத்திரத்தில் கழுத்தைத் திருகிக் கொன்றுவிடுகிறார். குழந்தையின் வாயிலிருந்து ரத்தம் வருவதைப் பார்த்துவிட்டு அண்ணன் வெளியே ஓடுகிறான். இது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. புலம்பல் இல்லை, விளக்கம் இல்லை. புத்தகத்தை மூடிவைத்தேன், மறுபடி திறக்க இரண்டு நாள் ஆனது.

யாருடைய சாவையாவது விரும்புவதென்றால் அது தன் அப்பாவின் சாவு என்று அந்தப் பையன் வெளிப்படையாக நினைக்கிறான். ஓதப்போன வயதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, பெற்றோரைப் பார்த்து 'ச்சீ' என்றுகூடச் சொல்லக்கூடாது என்பது. குர்ஆன் வசனம் அது, நான் மதிக்கும் வசனம். ஆனால் எங்கள் தெருவில் தினமும் பெல்ட்டால் அடிவாங்கிய ஒரு பையன் இருந்தான். சத்தம் எல்லோருக்கும் கேட்கும். "பெத்தவன் அடிக்கிறான், நாம என்ன சொல்ல" என்று பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஷுக்ரி அந்தச் சாத்திய கதவைத்தான் திறந்தார் என்று நினைக்கிறேன். படுக்கையறையைப் பற்றி எழுதியவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். அப்பாவைப் பற்றி, அதுவும் சொந்த அப்பாவைப் பற்றி, இப்படி எழுத யாரும் துணிந்ததாக நான் படித்ததில்லை.

இன்னொரு காட்சி. குப்பையில் செத்த கோழி ஒன்று கிடைக்கிறது. பையன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரியவர்கள் செய்வதைப் பார்த்தபடியே, கழுத்தில் கத்தி வைத்து முறைப்படி அறுக்கப் பார்க்கிறான். மனுஷங்க செத்ததைச் சாப்பிட மாட்டாங்க என்று அம்மா பிடுங்கிவிடுகிறார். அவனுக்குப் பசி மட்டும்தான் தெரியும். ஹலால், ஹராம் இரண்டும் கையசைவாகத்தான் தெரிந்திருக்கிறது. பஞ்சத்தைப் பற்றி இதைவிட அதிகமாகச் சொன்ன பக்கத்தை நான் படித்ததில்லை.

எழுத்து அவரிடம் வந்து சேர்ந்த இடம் சிறை. கூட அடைபட்டிருந்த ஹமீது என்பவர் துனீசியக் கவிஞர் அபுல் காசிம் அஷ்ஷாபியின் வரிகளைச் சுவரில் எழுதி வாசித்துக் காட்டுகிறார். எப்படி வாசிக்கிறாய் என்று இவர் கேட்க, அலிஃப், பே என்று முதல் எழுத்துகளைச் சொல்லித்தருகிறார். அதன்பிறகுதான் லராஷ் ஊரில் பள்ளி. பின்னாளில் ஆசிரியர் வேலையும் கிடைத்தது.

நாவல் மயானத்தில் முடிகிறது. தம்பியின் குழிக்கு அடையாளக் கல்கூடக் கிடையாது. தம்பி வானவர் ஆகிவிட்டான், நான் என்ன ஆவேன் என்று யோசித்தபடி நிற்கிறார்.

ஆங்கில மொழிபெயர்ப்பு சுலபமாகக் கிடைக்கிறது, சிறிய புத்தகம்தான். முடித்ததும் 1992இல் வந்த இரண்டாம் பாகத்தைப் படியுங்கள். பள்ளிக்கூட வாழ்க்கை அதில்தான் வருகிறது. வீட்டில் அடிவாங்கி வளர்ந்தவர் என்றால் முதல் சில அத்தியாயங்களைத் தனியாக இருக்கும்போது படிக்காதீர்கள். யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.